மூன்றாம் நாள், அரை நாள்

போனஸ் பதினாலாயிரம் வந்த அன்று
மளிகை ரசீதின் பின்பக்கம்
மூன்று கட்டம் போட்டேன்:
வெள்ளி, சனி, ஞாயிறு.
ஊட்டி என்றார் இவர். ரயிலில்
காத்திருப்போர் வரிசை நூற்றுப் பதினெட்டு. அடித்தேன்.
ஏற்காடு என்றாள் மகள்.
அறை வாடகையைப் பார்த்துவிட்டு அவளே அடித்தாள்.
அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது.

"இங்கேயே இருந்தால் என்ன?"
"இங்கேயேதானே இருக்கிறோம்."

தண்டையார்பேட்டையில் பத்தொன்பது வருஷம்.
மாமல்லபுரத்தை நான் பார்த்தது கல்யாண ஆல்பத்தில்,
அதுவும் ஸ்டுடியோக்காரர் தொங்கவிட்ட திரை.

ஆகவே நாள் சுற்றுலா.
காலையில் ஏற்றிக்கொண்டு இருட்டியதும் இறக்கிவிடுவார்கள்.
வழிகாட்டி உண்டு, சாப்பாடு உண்டு,
தண்ணீர் பாட்டில் தலைக்கு ஒன்று.
இரவு நம் பாய், நம் ஃபேன்,
நம் கொசு.

வெள்ளி: மாமல்லபுரம்.
சனி: காஞ்சிபுரம். பட்டுக்கடையில் நிறுத்துவார்கள்,
பக்கத்தில் "ஜாக்கிரதை" என்று எழுதி
இரண்டு கோடு இழுத்தேன்.
ஞாயிறுக்கு மிச்சமிருந்த காசில்
ஒன்றே ஒன்றுதான் அடங்கியது:
வட சென்னை, அரை நாள், முந்நூற்றைம்பது.

"நம்ம ஏரியாவுக்கு நாமளே டிக்கெட்டா?"
மகள் சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள்.
இவர் சிரிக்கவில்லை.
ஜீரோ கேட் வரிசையில் டிரெய்லரோடு நின்றே
பாதி ஆயுளைக் கழித்தவர்.
"நின்னுதான் பாத்திருக்கேன்.
யாராவது நடத்திக் கூட்டிட்டுப் போகட்டும்."

வெள்ளியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெயில்.
சனிக்கிழமை பட்டுக்கடையை விட்டு வெளியே வந்தபோது
கோயில் நடை சாத்தியிருந்தது.

ஞாயிறு காலை
ராயபுரத்தைப் பார்க்க முதலில் சென்ட்ரலுக்குப் போனோம்.
அங்கேதான் வண்டி ஏற்றும்.
வழிகாட்டி நிகிலேஷ், திருவான்மியூர்ப் பையன்,
காதோரம் குட்டி மைக்.
எல்லோரிடமும் ஊர் கேட்டுக்கொண்டு வந்தான்.
பூனே என்றார்கள். லியோன் என்றாள் வெள்ளைக்காரப் பெண்.
எனக்கு என்ன வந்ததோ,
"ஈரோடு" என்றேன்.
இவர் என்னைப் பார்த்தார்.
பிறகு நிதானமாக,
"பவானி பக்கம்" என்றார்.

ராயபுரம் ஸ்டேஷனில் தூண்களைக் காட்டினான் பையன்.
எத்தனை மழைக்கு அங்கே ஒதுங்கியிருக்கிறேன்,
தூண் இருந்தது தெரியாது.
பவானிக்காரர் ஒவ்வொன்றுக்கும்
"அப்படிங்களா" என்றார்.

காசிமேட்டில் இறங்கும் முன்
ஆளுக்கொரு முகக்கவசம் தந்தார்கள்.
"கொஞ்சம் வாடை இருக்கும்."
நானும் மாட்டிக்கொண்டேன்.
என் கொடித் துணியில், தலைமுடியில்,
சில நாள் சோற்றிலும் வருகிற வாடை.
துணிக்கு அந்தப் பக்கம் அது நின்றபோதுதான்
அது இருப்பதே உறைத்தது.

"இங்க இருக்கவங்க எல்லாம் ரொம்ப வெகுளி."
மைக் சொல்லி முடிக்கவில்லை.

"இன்னா கஸ்தூரி,
இன்னாத்துக்கு மூஞ்சிய மூடிகினு கீற?
போன வாரத்து வவ்வாலுக்கு நூத்தியிருவது நிக்குது!"

தேசம்மா.
கூடைக்கு மேலே கத்தியை ஆட்டியபடி.
பூனேக்காரர்கள் திரும்பினார்கள். லியோன் கேமராவைத் தூக்கினாள்.
"தெரிஞ்சவங்களா மேடம்?"

கவசத்தைக் கீழே இழுத்தேன்.
பர்ஸில் சில்லறை இல்லை.
நூற்றைம்பதாகக் கொடுத்தேன்.
மீதிக்கு அள்ளிப் போட்ட நெத்திலியோடு
திருவொற்றியூர் வரைக்கும்
ஏசி வண்டியில் வந்தேன்.
அதற்கப்புறம் யாரும் எங்களிடம்
ஈரோட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் எங்கள் தெரு வந்தது.
இறங்கிவிடலாம்தான்.
"சென்ட்ரல் வரைக்கும் காசு குடுத்திருக்கோம்" என்றார் இவர்.
நிகிலேஷ் மைக்கை அணைத்துவிட்டு
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.
மூன்றாம் மாடியில் என் நீல நைட்டி,
அதன் பக்கத்தில் இவருடைய காக்கிச் சட்டை
காற்றில் ஒரு கையைத் தூக்கியது.
மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
டாட்டா காட்டினாள்.

சென்ட்ரலிலிருந்து மெட்ரோ,
தலைக்கு இருபது.
அதைத் திட்டத்தில் எழுத மறந்திருந்தேன்.